சும்மா கிடைக்கும் ஹோர்டிங்: விழிப்புணர்வுப் பிரசாரத்துக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

விளம்பர நிறுவனங்கள் தொண்டு அமைப்புகளுக்கு நன்கொடையாகத் தரும் ஹோர்டிங், அதாவது சாலையோர விளம்பரப் பலகை, பெரும்பாலும் அந்த மாதம் விலைபோகாத பலகை. அதில் தப்பில்லை. வெறுமனே கிடக்கும் இரும்புச் சட்டத்தில் ரத்ததானம் பற்றி ஒரு வரி ஏறினால் நல்லதுதானே. ஆனால் இந்தச் சேவையின் நிறை, குறை இரண்டுக்கும் வேர் அதுதான். காசு கொடுக்கும் வாடிக்கையாளர் வந்தால் உங்கள் பேனர் இறங்கிவிடும். யாரும் வராவிட்டால் பேசிய நாளைத் தாண்டியும் நிற்கும்.

ஆகவே தேதி போட்ட செய்திக்கு இது ஆகவே ஆகாது. கண் மருத்துவ முகாமுக்கான பேனர் முகாம் முடிந்த மறுநாள் ஏறலாம். மூன்று வாரம் கழித்தும் மக்களை அழைத்துக்கொண்டிருக்கலாம். என்றைக்குப் படித்தாலும் பொருந்தும் செய்திக்கோ இதைவிடத் தோதான வழி குறைவு. அமெரிக்காவில் 1942-இல் தொடங்கிய ஆட் கவுன்சில் என்ற பொதுநல விளம்பர அமைப்பு, நன்கொடையாகக் கிடைக்கும் விளம்பர இடத்தையும் நேரத்தையும் நம்பி இயங்குவது. காட்டுத்தீயைத் தடுக்கச் சொல்லும் ஸ்மோக்கி என்ற கரடியை 1944 முதல் அது பிரசாரத்தில் வைத்திருக்கிறது. அந்தக் கரடி சொல்வது எந்தக் கோடைக்கும் பொருந்தும்.

இலவசம் என்பது இடம் மட்டும். பிளெக்ஸ் அச்சு, ஏற்றும் கூலி, சில சமயம் இறக்கும் கூலியும் உங்கள் தலையில்தான் விழும். இதை முதலிலேயே எழுத்தில் வாங்காதவர்கள் நடுவழியில் விழிக்கிறார்கள். நான்கு பக்கமும் மடித்துக் கட்ட எவ்வளவு கூடுதல் துணி வேண்டும் என்பது சட்டத்துக்குச் சட்டம் மாறும், பலகைக்காரரிடமே கேளுங்கள். ஓரத்தை இரட்டையாக மடித்து ஒட்டாமல், கயிறு கோக்கும் உலோக வளையத்தை அடித்தால் முதல் பலத்த காற்றில் அங்கேதான் கிழியும். பேனரை இடையில் இறக்கினால் சுருட்டி வைக்கச் சொல்லுங்கள். மடித்தால் மடிப்பில் மை வெடித்துவிடும், மறுபடி ஏற்ற முடியாது.

வடிவமைப்பில்தான் அதிகம் கோட்டைவிடுகிறார்கள். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி வினாடிக்குச் சுமார் 17 மீட்டர் கடக்கும். 300 அடிக்கு முன்னால் பலகை கண்ணில் பட்டால் படிக்கக் கிடைப்பது ஐந்து வினாடி சொச்சம். சிரமமில்லாமல் படிக்க, 10 அடி தூரத்துக்கு 1 அங்குல எழுத்து என்பது தொழிலில் புழங்கும் கணக்கு; அதன்படி 300 அடிக்கு 30 அங்குலம். 20-க்கு 10 அடிப் பலகையின் மொத்த உயரமே 120 அங்குலம் என்பதால், இரண்டு வரிக்கு மேல் எழுதினால் நெரிசல்தான். தமிழில் அந்த 30 அங்குலத்தை ‘ப’வின் உடம்புக்குக் கணக்கிட வேண்டும். மேலே சுழிக்கும் ‘கீ’, கீழே இறங்கும் ‘கு’ இரண்டுக்கும் தனியாக இடம் விடாவிட்டால் மேல்வரியும் கீழ்வரியும் முட்டிக்கொள்ளும். தூரத்தில் முதலில் மறைவது புள்ளி. மெல்லிய எழுத்துருவில் ‘பல்’ என்பது ‘பல’ ஆகிவிடும். பல் மருத்துவச் செய்தி என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நம் சொற்களும் நீளம். ‘விழிப்புணர்வு’ என்ற சொல்லே பாதிப் பலகையைத் தின்றுவிடும், அதைப் படித்து யாரும் விழித்ததாகத் தெரியவில்லை. செய்ய வேண்டியதை வினைச்சொல்லில் சொன்னால் போதும். பத்து இலக்கத் தொலைபேசி எண்ணும் கியூஆர் குறியீடும் ஓடும் வண்டிக்கு வீண். அவற்றுக்கு இடம், ஆட்கள் நின்று காத்திருக்கும் பேருந்து நிழற்குடை. தேர்ந்தெடுக்கச் சொன்னால் பெரிய பலகையை விட்டுவிட்டு நிழற்குடையையே கேட்கலாம்.

எல்.இ.டி. திரையில் அச்சுச் செலவு இல்லை, செய்தியையும் நிமிடத்தில் மாற்றலாம். ஆனால் எட்டு விளம்பரம், தலா 8 வினாடி என்றால் சுற்று 64 வினாடி. உங்கள் முறை வருவதற்குள் பாதி வண்டிகளுக்கு மேல் போயிருக்கும். 6-க்கு 3 மீட்டர் திரையில் ஒளிப்புள்ளிகளுக்கு (பிக்சல்) இடையே 10 மி.மீ. இடைவெளி என்றால் மொத்தமே 600-க்கு 300 பிக்சல். கணினியில் அழகாகத் தெரிந்த சிறிய எழுத்து அங்கே கூழாகிவிடும். இரவில் வெள்ளைப் பின்னணி கண்ணைக் கூசும். அடர்நிறத்தின் மேல் வெளிர் எழுத்து வையுங்கள்.

ஏற்றியதற்குச் சான்றாக ஒரே ஒரு கிட்டத்துப் படம் அனுப்புவது வழக்கம். சாலையும் சுற்றுப்புறமும் தெரியும் தூரத்துப் படம் ஒன்றும் கேளுங்கள். மரக்கிளை மறைத்திருப்பது அதில்தான் தெரியும். திரை என்றால் மணிவாரியாக ஓடிய பதிவைக் கேளுங்கள், பெரும்பகுதி நள்ளிரவில் ஓடியிருக்கக்கூடும். முடிவில் வரும் ‘நன்கொடை மதிப்பு’ அறிக்கை, யாரும் வாங்காத இடத்துக்கு முழு விலைப்பட்டியல் தொகையைப் போட்டுக் காட்டும். ஆண்டறிக்கையில் அந்தத் தொகைக்குப் பதில் எத்தனை பலகை, எத்தனை நாள் நின்றது என்று எழுதுங்கள்.