அப்பா எந்த ஸ்டேஜில் இருக்கிறார்? இருப்பிடம் பகிரும் செயலிகள், ஓர் அலசல்

அன்று இரவு ஒன்பதேகாலுக்கு என் போனில் அப்பா வீட்டில்தான் இருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்கு மேலே சின்ன வட்டத்துக்குள் அவருடைய படம் அசையாமல் நின்றது. எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டால், "கதவு பூட்டிக் கிடக்கிறதே. சாயங்காலமே ராஜபாளையத்தில் கல்யாண வீடு என்று கிளம்பிப் போனாரே" என்றார். அப்பா போனை எடுக்கவில்லை. பத்து மணிக்கு அவரே கூப்பிட்டார். டி.கல்லுப்பட்டியில் நிற்கிறாராம். ராஜபாளையத்தில் மதுரை பஸ் ஏறி, ஜன்னலோரம் கண்ணயர்ந்து, சொந்த ஊரைத் தாண்டி, கிருஷ்ணன்கோவிலையும் தாண்டிப் போய்விட்டார். 31 வருடம் பஸ் கண்டக்டராக, ஸ்டேஜ் ஸ்டேஜாக (டிக்கெட் கட்டணம் மாறும் நிறுத்தங்கள்) கணக்கு எழுதியவர். "வெளியே சொல்லிவிடாதே அம்மாடி" என்பதுதான் அவருடைய முதல் கவலை. இப்போது அவரிடம் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன்.

என் கவலை வேறு. படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் 'ஐந்து மணி நேரத்துக்கு முன்பு' என்று இருந்ததை நான் கவனிக்கவே இல்லை. புள்ளி வீட்டில் இருந்தது, ஆகவே அப்பா வீட்டில் இருக்கிறார் என்று நம்பிவிட்டேன். செயலியே இல்லாமல் இருந்திருந்தால் எட்டு மணிக்கே விசாரித்திருப்பேன். பழைய புள்ளியைக் காட்டும் செயலி, ஒன்றுமே இல்லாததைவிட மோசம். அதற்கு அடுத்த வாரம் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஒப்பிட்டுப் பார்க்க உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டுக் கணக்கு இது. அம்மா போன பிறகு அப்பா ஊரில் தனியாக இருக்கிறார், வயது 74. நான், கணவர், பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகன் மூவரும் சென்னை பெருங்களத்தூரில். தம்பி மதுரையில். கணவர் கையில் மட்டும் ஐபோன், மற்ற எல்லோருக்கும் ஆண்ட்ராய்டு. அப்பாவுடையது 9,000 ரூபாய் போன். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. அந்த விலையில் பல கம்பெனிகளின் போன்களுக்கு ஒரே குணம்தான்.

எது துல்லியம் என்ற கேள்வியில் நேரத்தை வீணாக்க வேண்டாம். எல்லாச் செயலிகளும் ஒரே போனிடம்தான் இடம் கேட்கின்றன. ஜிபிஎஸ், பக்கத்து வைஃபை, செல்போன் டவர் மூன்றையும் சேர்த்துப் போன் ஒரு விடை சொல்லும், அதைத்தான் எல்லாச் செயலிகளும் காட்டும். கான்கிரீட் கூரைக்குக் கீழே எல்லாமே கொஞ்சம் தடுமாறும். விலையும் பெரிய விஷயமல்ல. நாங்கள் பார்த்தவற்றில் லைஃப்360 ஒன்றில்தான் கட்டணத் திட்டங்கள் உண்டு, அதிலும் இலவச வகை இருக்கிறது.

ஆப்பிளின் ஃபைண்ட் மை பற்றி ஒரே பத்தி போதும். 2011இல் நண்பர்களைத் தேடும் தனிச் செயலியாக வந்தது, 2019இல் தொலைந்த போனைத் தேடும் செயலியோடு ஒன்றாகிவிட்டது. போனுக்குள்ளேயே இருப்பதால் அணைந்துபோகும் பிரச்சினை குறைவு. ஆனால் காட்டுபவர், பார்ப்பவர் இருவரும் ஆப்பிள்காரர்களாக இருக்க வேண்டும். வீடு முழுக்க ஐபோன் என்றால் மேலே படிக்காமல் அதையே வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் என் கணவரால் தன்னைத் தவிர வேறு யாரையும் அதில் பார்க்க முடியாது.

வாட்ஸ்அப்பின் லைவ் லொகேஷன் 2017 அக்டோபரில் வந்தது. 15 நிமிடம், ஒரு மணி நேரம், எட்டு மணி நேரம் என்று மூன்றே அளவு. அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் நடுவில் யாரும் பார்க்க முடியாதபடி பூட்டப்பட்டது. அந்தரங்கம்தான் முக்கியம் என்பவர்களுக்கு, என் பட்டியலில் உள்ள ஆண்ட்ராய்டு வழிகளில் இதைத்தான் சொல்வேன். பயணத்துக்கும் இதுதான் நல்லது. மகன் பள்ளிச் சுற்றுலா போனபோது மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை 'எங்கே வருகிறீர்கள்' என்று கேட்டு அவன் மானத்தை வாங்காமல் இருக்க முடிந்தது. ஆனால் தினமும் அனுப்புபவர்தான் தொடங்கி வைக்க வேண்டும். அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். லைவ் லொகேஷனுக்குப் பதிலாக அதற்குக் கீழே இருக்கும் 'இப்போதைய இடம்' என்பதை அழுத்தி, நின்ற இடத்தின் படத்தை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தார். தினம் காலை ஏழு மணிக்கு டீக்கடையின் வரைபடம் ஒன்று வந்து விழும். ஒருவகையில் அதுவும் நல்ல செய்திதான், மனிதர் எழுந்து டீ குடிக்கப் போயிருக்கிறார் என்று தெரியும்.

லைஃப்360 ஓர் அமெரிக்க நிறுவனம், குடும்பத்துக்காகவே செய்த செயலி. வட்டம் என்று ஒரு குழு, வீடு பள்ளி என்று இடங்களைக் குறித்துவைத்தால் போய்ச் சேர்ந்ததும் மணி அடிக்கும். வசதிகளில் மற்ற எதுவும் இதற்கு அருகே வராது. ஆனால் 2021 டிசம்பரில், இந்த நிறுவனம் குடும்பங்களின் இருப்பிட விவரங்களைத் தரகு நிறுவனங்களுக்கு விற்றுவந்ததை தி மார்க்கப் என்ற அமெரிக்கப் புலனாய்வு இணைய இதழ் வெளிக்கொண்டுவந்தது. அடுத்த மாதமே, துல்லியமான இருப்பிட விற்பனையைச் சில விதிவிலக்குகளோடு நிறுத்திக்கொள்வதாக நிறுவனம் அறிவித்தது. நிறுத்தியது சரி, ஆனால் வெளியே தெரிந்த பிறகுதானே நிறுத்தினார்கள் என்று என் கணவர் முகம் சுளித்தார். இலவச வகையைச் சில நாட்கள்தான் போட்டுப் பார்த்தேன், கட்டணம் செலுத்தியவர்களின் அனுபவம் வேறாக இருக்கலாம்.

கூகுள் மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். இருப்பிடத்தைப் பதிவு செய்வது பற்றிப் பயனர்களுக்குச் சரியாகச் சொல்லவில்லை என்ற புகாரில், அமெரிக்காவின் 40 மாநிலங்களுக்கு 39.15 கோடி டாலர் கொடுத்து 2022 நவம்பரில் சமரசம் செய்துகொண்டது அந்த நிறுவனம். இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் கடைசியில் கூகுள் மேப்ஸில் போய் நின்றேன். காரணம் ஒன்றே ஒன்று. அதைச் செட்டிங்ஸ் திரைக்குள் போகாமல் சொல்ல முடியாது.

ஆண்ட்ராய்டு போன் சார்ஜ் மிச்சம் பிடிக்கும் போன். 2015இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து, அசையாமல் கிடக்கும் போனில் செயலிகளைத் தூங்கவைக்கும் ஏற்பாடு இருக்கிறது. அதற்கு மேல் போன் கம்பெனிகள் தங்கள் பங்குக்கு ஒன்று சேர்த்திருக்கின்றன. அதிகம் திறக்காத செயலிகளைப் பின்னணியில் ஓடவிடாமல் கொன்றுவிடும். பிறகு அனுமதிகள் வேறு. பத்தாம் பதிப்பு, 2019இல், 'செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும்' என்ற வாய்ப்பைக் கொண்டுவந்தது. தெரியாதவர் கைக்குப் போனால் அதைத்தான் அழுத்துவார், நியாயமும் அதுதான். பதினொன்றாம் பதிப்பு சில மாதங்கள் திறக்காத செயலிகளின் அனுமதியைத் தானாகவே பறித்துவிடும். இவை எல்லாமே நல்ல எண்ணத்தில் செய்த பாதுகாப்புகள். ஆனால் அப்பா போன்றவர் அந்தச் செயலியைத் திறக்கவே மாட்டார். பார்ப்பது நான், அவர் எதற்குத் திறக்க வேண்டும்? ஆக, யாருக்காகப் போட்டோமோ அவருடைய போனில்தான் அது முதலில் சாகும்.

டி.கல்லுப்பட்டி இரவில் எங்களிடம் இருந்தது தனியாக நிறுவிய ஒரு செயலி. மேலே சொன்னவற்றில் எதுவும் அல்ல, பெயர் வேண்டாம். தவறு அதனுடையது என்றும் சொல்ல மாட்டேன், போன் அதைத் தூங்கவைத்துவிட்டது. ஐந்து மாதத்தில் ஆறு முறை இப்படி நடந்தது. ஒவ்வொரு முறையும் 500 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து நான் பழுது பார்க்க வேண்டும்.

"அப்பா, செட்டிங்ஸ் போங்கள்."

"பல்சக்கரம் போட்டதா?"

"ஆமாம். அதில் பேட்டரி என்று இருக்கிறதா?"

"73 என்று இருக்கிறது."

"அது சார்ஜ், அப்பா. கொஞ்சம் கீழே தள்ளுங்கள்."

"தள்ளினேன். எல்லாம் போய்விட்டது. உன் குரல் மட்டும் கேட்கிறது."

ஒருமுறை இப்படி நாற்பது நிமிடம் பேசி, செயலி தானாகவே தொடங்க அனுமதிக்கும் ஆட்டோ ஸ்டார்ட்டைக் கண்டுபிடித்து, பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கி, புள்ளி நகர்ந்ததும் இருவரும் வெற்றி வீரர்கள் போல் போனை வைத்தோம். மூன்று வாரத்தில் போனுக்கு ஏதோ அப்டேட் வந்தது, பழையபடி ஆகிவிட்டது. தம்பி மதுரையிலிருந்து நேரில் போய்ச் சரிசெய்வான், அவன் திரும்பிய பத்தாம் நாள் புள்ளி உறைந்திருக்கும். தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் வசதிகளைத்தான் பட்டியலிடுகிறார்கள். யார் பராமரிப்பது என்று கேட்பதில்லை. வாங்குவதற்கு முன் மெக்கானிக் பக்கத்தில் இருக்கிறாரா என்று பார்ப்போமே, அதைப் போல.

கூகுள் மேப்ஸின் இருப்பிடப் பகிர்வு 2017 மார்ச்சில் வந்தது. அதில் இடத்தைச் சொல்லும் வேலையை மேப்ஸ் தனியாகச் செய்வதில்லை, போனோடு கூடவே வரும் பிளே சர்வீசஸ் என்ற அடிப்படை மென்பொருள் செய்கிறது. அதை நிறுத்தினால் போனில் பாதி வேலைகள் நின்றுவிடும் என்பதால், பொதுவாக மற்றவற்றைத் தூங்கவைக்கும் போன் இதன் மேல் கைவைப்பதில்லை. அப்பா எதையும் திறக்க வேண்டாம், எதையும் நிறுவ வேண்டாம். ஒருமுறை அவருடைய படத்தைத் தொட்டு, இருப்பிடப் பகிர்வுக்குப் போய், 'நானாக நிறுத்தும் வரை' என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு வந்தேன். ஏழு மாதமாகிறது. இரண்டே முறைதான் நின்றது, இரண்டும் வேறு காரணம். ஒன்று, 28 நாள் ரீசார்ஜ் முடிந்து நெட் போயிருந்தது. இன்னொன்று, திரையைத் துண்டால் துடைக்கும்போது மேலிருந்து இறங்கும் பட்டியலில் லொகேஷன் பொத்தானே அணைந்துவிட்டது. இந்த இரண்டையும் எந்தச் செயலியாலும் தடுக்க முடியாது. ரீசார்ஜை இப்போது என் போனிலிருந்தே போட்டுவிடுகிறேன்.

எதிர்பார்க்காத ஒரு பலனும் கிடைத்தது. பெயரைத் தொட்டால் எத்தனை நிமிடத்துக்கு முந்தைய இடம் என்பதோடு, அவருடைய போனில் எத்தனை சதவிகிதம் சார்ஜ் இருக்கிறது என்பதும் தெரிகிறது. ஒன்பது சதவிகிதம் என்று பார்த்தால் உடனே கூப்பிட்டு, "அப்பா, சார்ஜில் போடுங்கள்" என்பேன். அவர் போனை எடுக்காதபோது நான் முதலில் பார்ப்பது இடத்தை அல்ல, இந்த எண்ணைத்தான். நான்கு சதவிகிதத்தில் கடைசியாகத் தெரிந்தார் என்றால் போன் அணைந்திருக்கும், மனிதர் நன்றாகத்தான் இருப்பார். இந்த ஒரு தகவலால் எதிர்வீட்டு அக்கா எத்தனையோ இரவுகள் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்.

குறைகளும் இருக்கின்றன. கூகுள் கணக்கு வேண்டும். அப்பாவின் கணக்கைப் போன் கடைப் பையன் உருவாக்கிக் கொடுத்திருந்தான், கடவுச்சொல் இருவருக்கும் தெரியாது. போன் தொலைந்தால் எல்லாம் போய்விடும் என்பதால் முதலில் அதை மாற்றி, ஊர் வீட்டு காலண்டரின் பின்பக்கம் எழுதிவைத்தேன். அதோடு கூகுள் தன் சேவைகளைச் சட்டென்று மூடிவிடும் பழக்கமுள்ளது. இதே வேலைக்கு 2009இல் லாட்டிட்யூட் என்று ஒன்றைத் தொடங்கி 2013இல் மூடினார்கள். இதுவும் அப்படிப் போகாது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆபத்து நேரத்துக்கு இந்தச் செயலிகள் எதையும் நம்பியிருக்காதீர்கள். 112ஐ அழைக்க அப்பாவுக்குத் தனியாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

மகன் விஷயத்தில் ஃபேமிலி லிங்க் போடலாம் என்று கணவர் சொன்னார். திரை நேரத்துக்குப் பூட்டு, செயலிகளுக்கு அனுமதி என்று பெற்றோர் கையில் சாட்டையைக் கொடுக்கும் செயலி அது. ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்குச் சரி. பதினாறு வயதுப் பையனுக்கு அதைப் போட்டால் முதல் நாளே இன்னொரு போன் கடன் வாங்குவான். அவனும் மேப்ஸில்தான் இருக்கிறான், என் இடம் அவனுக்குத் தெரியும் என்ற நிபந்தனையோடு.

அந்த நிபந்தனை அப்பாவிடமிருந்து வந்தது. முதலில் கேட்டபோது, "என்னை வேவு பார்க்கப்போகிறாயா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார், ஆனால் சுருக்கென்று இருந்தது. பிறகு அவரே, "31 வருடம் ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் வே பில் (டிக்கெட் கணக்குத் தாள்) எழுதினேன். என் வண்டி எங்கே போகிறது என்று டெப்போவுக்குத் தெரியும். அதே மாதிரி உன் வண்டி எங்கே போகிறது என்று எனக்கும் தெரிய வேண்டும்" என்றார். என் இடத்தை அவருக்கும் பகிர்ந்தேன். செயலியைத் திறக்கவே மாட்டார் என்று மேலே எழுதினேன், அதை மட்டும் திருத்திக்கொள்கிறேன். போன வாரம் ஆபீஸ் முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். குரோம்பேட்டையில் வண்டி நகரவில்லை. போன் அடித்தது.

"அம்மாடி, இருபது நிமிடமாக ஒரே இடத்தில் நிற்கிறாயே. டிராஃபிக்கா, பிரேக்டவுனா?"

"டிராஃபிக்தான் அப்பா."

"டிரைவரிடம் சொல்லிப் பார், முன்வாசல் வழியாக இறக்கிவிடுவார். ரயிலில் போய்விடு."