2014-ஆ, 2022-ஆ: எங்கள் ஓவனுக்கு ஏற்ற பருவம் எது?

தீபாவளிக்கு வீட்டிலிருந்தே அணிச்சல் (கேக்) செய்து விற்கலாமா என்று அக்காள் மகள் கேட்டபோது, பள்ளி விடுமுறையில் இருவருமாக 'கிரேட் பிரிட்டிஷ் பேக் ஆஃப்' என்னும் பிரிட்டிஷ் தொலைக்காட்சி அடுமனைப் போட்டியின் ஒரு பருவத்தை முழுதாகப் பார்த்துவிடுவது என்று முடிவாயிற்று. இரண்டு பருவங்களுக்கு விடுமுறை போதாது. அவள் 2022-ஐக் கேட்டாள். நான் 2014-ஐச் சொன்னேன். "மாமா, நம் மலேசியப் பெண் வென்றதை விட்டுவிட்டா?" என்று அவள் முறைத்துக்கொண்டாலும் என் பேச்சே எடுபட்டது. பின்னர் 2022-ஐயும் பார்த்து முடித்தோம். ஆயினும் என் சாய்வு மாறவில்லை.

வெளிப்படையான வேறுபாடுகள் எல்லோரும் அறிந்தவை. 2014 பருவம் பிபிசி ஒன்றில் வந்தது. மேரி பெர்ரியும் பால் ஹாலிவுட்டும் நடுவர்கள். 2022-இல் போட்டி சேனல் 4-க்கு மாறியிருந்தது. மேரி பெர்ரியின் இடத்தில் புரூ லீத் இருந்தார்.

2022-இன் ஈர்ப்பை நான் மறுக்கவில்லை. மலேசியாவில் பிறந்து லண்டனில் இதய நோய் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ஷாபிரா யூசோஃப், தம் முதல் அணிச்சலையே 2017-இல்தான் செய்தவர். ஐந்தே ஆண்டுகளில் கோப்பையை வென்றார். இறுதிச் சுற்றில் அவர் காட்சிக்கு வைத்தது, செம்பனைக்காகக் காடு அழிவதால் வாழிடம் இழக்கும் ஓராங் ஊத்தான் குரங்கு. அதை எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்து பார்ப்பது தனி அனுபவம். எங்கள் சமையலறைச் சன்னலைத் திறந்தால் தெரிவது, பால்மரங்களை (ரப்பர் மரங்களை) வெட்டிவிட்டு நட்ட செம்பனைதான்.

ஆனால் விற்பனைக்காகக் கற்க வந்தவளுக்கு வெற்றியாளர் யார் என்பதைவிட, நடுவர் சமையல் குறிப்பில் பாதியை மறைத்துவிட்டு எல்லோரையும் ஒரே பண்டத்தைச் செய்யச் சொல்லும் நுட்பச் சுற்றில் எந்தப் பண்டம் வருகிறது என்பதே முக்கியம். ஒரே பண்டம் பல கைகளில் பலவிதமாகக் கெட்டுப்போவதையும், அது ஏன் கெட்டது என்று நடுவர் சொல்வதையும் அந்தச் சுற்றில்தான் பார்க்க முடியும். 2022-இல் அங்கே டாக்கோவும் ஸ்பிரிங் ரோலும் வந்தன. ஸ்பிரிங் ரோலுக்கு எங்கள் ஊர் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) போப்பியா என்னும் ஸ்பிரிங் ரோலைச் சுற்றுபவரிடம் அரை மணி நேரம் நின்றாலே போதும்.

2014-இன் முதல் வாரமே செரி அணிச்சல். அன்று மாலையே செய்தோம். வெட்டிப் பார்த்தால் செரிகள் அத்தனையும் அடியில் சேற்றில் புதைந்த கற்களைப் போலக் கிடந்தன. மேரி பெர்ரியின் குறிப்பு, பாகில் ஊறிய செரியை நான்காக நறுக்கி, ஓடும் நீரில் கழுவி, நன்றாக வடித்து உலர்த்தச் சொல்கிறது. ஒட்டியிருக்கும் சர்க்கரைப் பாகு போகாவிட்டால் செரி வழுக்கிக்கொண்டு கீழே இறங்கிவிடும். இரண்டாம் முறை துணியில் ஒற்றியெடுத்து, கொஞ்சம் மாவில் புரட்டிப் போட்டோம். பெரும்பாலானவை நடுவிலேயே நின்றன. வெண்ணெய் பற்றி மட்டும் போட்டி நடக்கும் அந்த இங்கிலாந்துக் கூடாரம் எங்களுக்கு வழிகாட்டாது. இங்கே மேசைமேல் வைத்த சற்று நேரத்திலேயே அது எண்ணெயாகத் தொடங்கிவிடுவதால், குளிர்பெட்டியிலிருந்து எடுத்து விரலால் அழுத்திப் பதம் பார்த்து உடனே அடிக்க வேண்டும்.

அரையிறுதியில் வந்த ஷிச்ட்டோர்ட் எங்களுக்கு அந்நியமே அல்ல. மாவை மெல்லிதாகப் பரப்பி, மேல்நெருப்பில் வாட்டி, அதன்மேல் அடுத்ததைப் பரப்பி இருபது அடுக்குகள் எழுப்பும் அந்த ஜெர்மானியப் பண்டம், நோன்புப் பெருநாளுக்கு, மாச்சிக் என்று நாங்கள் அழைக்கும் பக்கத்து வீட்டு மலாய் அம்மா கொடுத்தனுப்பும் கேக் லாப்பிஸ் என்ற அடுக்கு அணிச்சலின் உறவுதான். எங்கள் சிறிய ஓவனில் அடுக்கு உயர உயர மேற்பரப்பு மேலேயுள்ள சூட்டுக் கம்பியை நெருங்கிக் கருகியது. பன்னிரண்டாவது அடுக்கில் தட்டை ஒரு படி கீழே இறக்கிய பிறகே நிறம் சீரானது. மாச்சிக் கத்தி நுனியால் எண்ணிப் பார்த்துப் பதினேழு என்றார். மூன்று எங்கே போயின என்று எங்களுக்கும் விளங்கவில்லை.

2014 என்றதும் பலர், பனிக்கூழ் உறையாத எரிச்சலில் ஒருவர் தம் பேக்ட் அலாஸ்கா என்னும் பனிக்கூழ் அணிச்சலைக் குப்பைத் தொட்டியில் எறிந்த காட்சியையே நினைவுகூர்வார்கள். அன்றைக்குப் பரபரப்பான செய்திதான்; கற்பவருக்கு அதில் அதிகமில்லை. வென்றவர் நான்சி பெர்ட்விசில் என்னும் பாட்டி. பதற்றமில்லாமல், நேரத்தை அளந்து வேலை செய்யும் அவருடைய முறையை அக்காள் மகள் தாளில் குறித்துக்கொண்டாள்.

ரொட்டி பற்றி என் பரிந்துரையை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே பருவத்தில் வந்த சியபாட்டா என்னும் இத்தாலிய ரொட்டியை ஒரே ஒரு முறை செய்தோம். இந்த வெக்கையில் மாவு சொன்ன நேரத்துக்கு முன்பே பொங்கித் தட்டையாகிவிட்டது. அலங்கார வேலையிலும் நான் பார்வையாளன்தான். அதற்கு 2022-தான் மேல் என்று அவள் இன்னமும் வாதிடுகிறாள், இருக்கலாம். ஆனால் இந்தத் தீபாவளிக்கு அவள் எழுதிவைத்திருக்கும் விலைப்பட்டியலில் இரண்டே பண்டங்கள்: செரி அணிச்சல், பதினேழு அடுக்கு லாப்பிஸ்.