பட்டையா, கட்டமா? இரட்டைப் பேத்திகளுக்கு விரிப்பு தைத்துப் பார்த்ததில்

புரட்டாசிக் கடைசியில் மகளுக்கு இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன. ராமநாதபுரத்தை அடுத்த உச்சிப்புளியில் எங்கள் வீட்டுக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது ஐப்பசி பிறந்துவிட்டது. பிள்ளை பிறக்கும் முன்னே அதற்கென்று எதையும் தைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதனால் பழைய சேலை, வேட்டிகளைத் துவைத்து மடித்து மட்டும் வைத்திருந்தேன். பிள்ளைகளைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மிதி மெஷினில் உட்கார்ந்தேன். இப்போது மார்கழி. மூன்று மாதிரி தைத்து, துவைத்து, காயப்போட்டுப் பார்த்துவிட்டேன். இனி இந்த வீட்டில் நீளப் பட்டை மாதிரிதான் என்று முடிவு செய்தாயிற்று. இரட்டைப் பிள்ளைக்குத் தைக்க உட்காரும் வேறு அம்மாச்சிகளுக்கும் அப்பத்தாக்களுக்கும் உதவுமே என்றுதான் எழுதுகிறேன்.

மகள் யூடியூபில் காட்டியதற்குப் பெயர் குயில்ட். பெயர்தான் புதிது. பழஞ்சேலையை அடுக்கி ஓட்டுத் தையல் போட்டு வங்காளத்தில் காந்தா செய்கிறார்கள், வட கர்நாடகத்தில் கவுதி செய்கிறார்கள். நம் வீடுகளிலும் பாட்டிமார் சேலையை நாலாக மடித்து ஓரம் தைத்துப் பிள்ளைக்கு விரித்தவர்கள்தான். துண்டுகளை வெட்டி ஒட்டி, மேலே ஒரு மாதிரி வரும்படி தைப்பது ஒன்றுதான் எனக்குப் புதுசு.

மூன்றுக்கும் அளவு ஒன்றே, 36 அங்குலச் சதுரம். மேலே சேலைத் துண்டுகள், நடுவில் வேட்டித் துணி, அடியில் வேட்டித் துணி. எட்டு முழ வேட்டி ஒன்றில் நடுவும் அடியும் எடுத்தது போக இன்னும் ஒரு துண்டு மிஞ்சும். சேலைகளில் இரண்டு என்னுடைய பரமக்குடி நூல் சேலைகள், ஒன்று என் அம்மாவுடையது, ஒன்று சம்பந்தியம்மா கொடுத்தனுப்பியது. பிள்ளைகள் இரண்டு வீட்டுத் துணியிலும் படுக்கட்டும் என்று நானே கேட்டு வாங்கினேன்.

முதலில் தைத்தது ஒன்பது கட்டம். நைன் பேட்ச் என்கிறார்கள். இரண்டங்குலச் சதுரம் ஒன்பதைச் சேர்த்தால் ஆறங்குலத்தில் ஒரு கட்டு. அப்படி 36 கட்டு, மொத்தம் 324 துண்டு. பிள்ளைகள் தூங்கும் மத்தியான நேரத்தில் மட்டும் தைத்து, முடிக்கப் பதினோரு நாள் ஆனது. அழகு என்று பார்த்தால் மூன்றிலும் இதுதான் முதல். சின்னச் சின்னப் பூவும் கோடுமாக, விரித்ததும் வந்தவர்கள் எல்லாரும் தொட்டுப் பார்த்தார்கள்.

இரண்டாவது பெரிய கட்டம். ஆறரை அங்குலத்தில் வெட்டினால் தையலுக்குப் போக ஆறங்குலம் நிற்கும். ஒரு விரிப்புக்கு 36 துண்டு. சிவப்பும் வெள்ளையும் மாற்றி வைத்தேன், தாயக்கட்டம் மாதிரி இருந்தது. இரண்டு மத்தியானத்தில் முடிந்துவிட்டது.

மூன்றாவது நீளப் பட்டை. நாலரை அங்குல அகலத்தில், முழு நீளத்துக்கு வெட்டிய ஒன்பது பட்டை. ஒரே மத்தியானம்.

வெட்டுகிற சுலபம், தைக்கிற நேரம் எல்லாம் யாருக்கும் தெரிந்ததுதான். துண்டு குறைந்தால் வேலை குறையும், அவ்வளவுதான். செலவும் மூன்றுக்கும் ஒன்றே, நூல்கண்டு தவிர எதுவும் வாங்கவில்லை. இங்கே எதையும் தீர்மானிப்பது காய்வதுதான். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கம் நிலம் ஒடுங்கிக் கிடக்கிறது. வடக்கே நடந்தாலும் கடல், தெற்கே நடந்தாலும் கடல். கிணற்றுத் தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்காது. காவிரித் தண்ணீர் குழாயில் வரும் நாளில் பிடித்து வைத்துக் குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொள்வோம். இந்தக் கிணற்றுத் தண்ணீரில் அலசிய துணி வெயிலில் மொடமொடவென்று காய்ந்தாலும், நூலுக்குள் உப்பு நின்றுவிடுகிறது. அந்த உப்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். காலையில் காய்ந்ததாக மடித்து வைத்ததை விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தொட்டால் நமத்துப் போயிருக்கும். கடலோரத்தில் அப்பளம் நமப்பது மாதிரிதான். பிறந்த பிள்ளையை அதில் போட முடியுமா? அதனால் கடைசி அலசல் நல்ல தண்ணீரில்தான் என்று வைத்துக்கொண்டேன். இரட்டைப் பிள்ளை என்றால் ஒரு நாளைக்கு நாலைந்து விரிப்பு நனையும். எந்த விரிப்பு எத்தனை வாளி நல்ல தண்ணீர் கேட்கிறது என்பது இங்கே சின்ன விஷயம் இல்லை.

இப்போது ஒன்பது கட்டத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு தையலிலும் கால் அங்குலத் துணி உள்ளே மடிந்திருக்கிறது. நாலு துண்டு சந்திக்கும் மூலையில் மடிப்பின் மேல் மடிப்பு விழுந்து ஏழெட்டு அடுக்காகிவிடும். 36 அங்குலத்துக்கு இரண்டங்குலச் சதுரம் என்றால் பதினெட்டுக்குப் பதினெட்டு. நடுவில் இப்படிப்பட்ட மூலைகள் 289 வருகின்றன. பெரிய கட்டத்தில் 25. நீளப் பட்டையில் ஒன்றுகூட இல்லை.

அந்த 289 மூலையும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. ஐப்பசியில் மழை விட்ட ஒரு நாள், காலை ஒன்பது மணிக்கு மூன்றையும் ஒரே கொடியில் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். பட்டை விரிப்பைப் பட்டைகள் மேலிருந்து கீழாக வரும்படி தொங்கவிட்டிருந்தேன். தையல் வழியே தண்ணீர் இறங்கிக் கீழ் விளிம்பில் வரிசையாகச் சொட்டியது. கொஞ்ச நேரம் கழித்து அந்த விளிம்பை மட்டும் பிடித்துப் பிழிந்துவிட்டால் போதும். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே காய்ந்துவிட்டது. பெரிய கட்டம் மூன்று மணி வாக்கில் காய்ந்தது. ஒன்பது கட்டம் மேலே தடவினால் காய்ந்த மாதிரி இருந்தது, மூலைகளை இரண்டு விரலால் அழுத்தினால் குளிர்ந்தது. சாயங்காலம் வரைக்கும் அப்படியேதான்.

கார்த்திகையில் வாடைக்காற்றும் மழையும் விடாமல் பிடித்துக்கொண்டபோது வித்தியாசம் இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. வீட்டுக்குள் கயிறு கட்டி, ஃபேன் போட்டுக் காயவைத்தோம். இரவில் போட்ட பட்டை விரிப்பு விடிவதற்குள் காய்ந்தது. ஒன்பது கட்டம் இரண்டு நாள் தொங்கியும் காயாமல் பூஞ்சை வாடை வந்துவிட்டது. மறுபடியும் வெந்நீரில் போட்டு அலச வேண்டியதாயிற்று. அதற்கு நல்ல தண்ணீர் இரண்டு வாளி, பட்டைக்கு ஒரு வாளி. பதினோரு நாள் உழைத்த விரிப்பு மனதுக்கு நெருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஈரம் தங்குகிற துணியைப் பிள்ளையின் முதுகுக்குக் கீழே போட எனக்கு மனம் வரவில்லை. அதைப் பீரோவில் வைத்துவிட்டேன்.

பட்டை மாதிரியில் இன்னொரு வசதி, தைக்கிற முறை. அடித்துணியையும் நடுத்துணியையும் விரித்து, முதல் பட்டையை ஓரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது பட்டையை அதன் மேல் முகம் கீழாக வைத்து, எல்லா அடுக்கும் சேர ஒரே தையல். அப்புறம் அதைப் புரட்டி விரலால் அழுத்தினால் மேல்பக்கம் வந்துவிடும். அடுத்தது, அடுத்தது என்று ஒன்பதும் முடிகிறபோது மேல், நடு, அடி மூன்றும் தாமாகவே சேர்ந்திருக்கும். தனியாக ஓட்டுத் தையல் போட வேண்டாம். நூல் முனைகள் எல்லாம் மேல், கீழ் ஓரங்களுக்குப் போய்விடும், சுற்றிலும் விளிம்புப் பட்டை அடித்தால் அதற்குள் மறைந்துவிடும்.

இது பெரிய விஷயமா என்று கேட்பவர்களுக்கு: பெரியபட்டினத்திலிருந்து வந்த ராத்தா ஒருவர் என் ஒன்பது கட்டத்தை எடுத்து உள்ளங்கையால் ஒரு தடவை தடவினார். "மேலே முடிச்சு வச்சிருக்கியளே, பிள்ளைக்கு உறுத்துமே" என்றார். அடுக்குகள் நகராமல் இருக்க நான் கையால் போட்ட முடிச்சுகள் அவை. நான் கவனிக்கவே இல்லை. நூல் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பிள்ளையின் கால்விரலில் சுற்றி இறுக்கிவிடும் என்றும் சொன்னார். அன்றே கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து மூன்றையும் இஞ்ச் இஞ்சாகப் பார்த்தேன்.

சரி, பெரிய கட்டத்தில் நல்லது ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. பிறந்த பிள்ளைக்கு ஒன்றரைச் சாண் தூரத்துக்கு மேல் தெளிவாகத் தெரியாது. நிறமும் அழுத்தமாக, ஒன்றுக்கொன்று மாறுபட்டு இருந்தால்தான் கண் நிற்கும். சிவப்பு வெள்ளைக் கட்டத்தின் மேல் சின்னவளைக் கொஞ்ச நேரம் குப்புறப் போட்டால், தலையைத் தூக்கி அந்த ஓரத்தையே பார்க்கிறாள். பட்டையில் அப்படிப் பார்க்கவில்லை. பெரியவள் எதிலும் பார்ப்பதில்லை, அவளுக்கு ஃபேன்தான். அதனால் இதை இரண்டு பிள்ளைக்கும் பொதுவான கணக்காக நான் சொல்லமாட்டேன். காய்கிற நேரமும் பெரிய கட்டத்தில் மோசமில்லை. ஒற்றைப் பிள்ளை உள்ள வீட்டில், மழைக்காலமாக இல்லாவிட்டால், அதையே தைக்கலாம்.

இரட்டைக்கு எண்ணிக்கை வேண்டும். ஒரு பிள்ளைக்கு மூன்று: ஒன்று அடியில், ஒன்று கொடியில், ஒன்று மடிப்பில். இரண்டு பிள்ளைக்கு ஆறு. பட்டையாக இருந்ததால் ஒரு வாரத்தில் ஆறும் முடிந்தது, 54 பட்டை. ஒன்பது கட்டத்தில் ஆறு தைத்திருந்தால் பிள்ளைகள் குப்புற விழ ஆரம்பித்திருப்பார்கள்.

மகள் இன்னொன்று கேட்டாள். "ரெண்டுக்கும் ஒண்ணு போலவே இருக்கணும், ஆனா யாரோடதுன்னு தெரியணும்மா" என்றாள். பட்டையில் இதற்கு வழி சுலபம். அதே நாலு சேலை, அதே பட்டைகள், பெரியவளுக்குச் சிவப்பிலிருந்து ஆரம்பித்துப் பச்சையில் முடித்தேன், சின்னவளுக்குப் பச்சையிலிருந்து சிவப்புக்கு. விளிம்பும் அதற்கேற்றபடி. தூக்கக் கலக்கத்தில் எழுந்தாலும் தலைமாட்டு நிறத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒருத்திக்குச் சளி என்றால் மற்றவள் விரிப்பு கலந்துவிடாமல் இருக்கவும் இது உதவியது.

தைப்பதற்கு முன் செய்ய வேண்டியவை இரண்டு. பரமக்குடிச் சேலையின் சிவப்புக் கரை எத்தனை வருடம் துவைத்ததாக இருந்தாலும், ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். என்னுடையதில் லேசாகச் சாயம் ஒட்டியது. தனியாக நாலு தடவை அலசிய பிறகுதான் வெட்டினேன். அப்புறம் குண்டூசி. துணியில் குத்தி ராத்திரி அப்படியே விட்டால் உப்புக் காற்றில் துருப்பிடித்து மறுநாள் பழுப்புப் புள்ளி விழும். பெரிய கட்டத்தில் வெள்ளைச் சதுரம் ஒன்றில் அந்தப் புள்ளி இன்னும் போகவில்லை. அன்றன்றைக்குக் குத்தியதை அன்றன்றைக்கே உருவிவிட வேண்டும்.

நடுவில் இலவம்பஞ்சு வைக்கலாமே என்று கேட்டார்கள். நனைந்தால் கட்டி கட்டியாகத் திரளும், உள்ளே சீக்கிரம் காயாது. கடைகளில் கிடைக்கிற செயற்கைப் பஞ்சு சீக்கிரம் காயும், ஆனால் இந்த ஊர்ப் புழுக்கத்துக்குச் சூடு. நான் வைத்துப் பார்க்கவில்லை, தொட்டுப் பார்த்ததோடு சரி. எதுவாக இருந்தாலும் மெத்துமெத்தென்று தைப்பது சின்னப் பிள்ளைக்கு நல்லதில்லை, முகம் புதையும். முதல் வருடம் தூங்கும்போது கனமான போர்வை போர்த்த வேண்டாம், தலையணை வேண்டாம், மல்லாக்கப் போடுங்கள் என்று பிள்ளைகளைப் பார்க்கிற டாக்டரும் சொல்லித்தான் அனுப்பினார். அதனால் என் விரிப்புகள் எல்லாம் அடியில் சுருக்கமில்லாமல் விரிக்க மட்டும்தான், போர்த்த இல்லை.

பட்டை விரிப்பு எத்தனை வருடம் உழைக்கும் என்று எனக்கு இன்னும் தெரியாது. இரண்டு மாதம்தான் ஆகிறது. நீளத் துணி என்பதால் சேலையில் இற்றுப்போன இடம் ஒன்று பட்டைக்குள் வந்துவிட்டால் அந்த முழுப் பட்டையும் கிழியும் என்று ஒரு பயம் இருக்கிறது. கட்டத்தில் அந்த ஒரு சதுரத்தை மட்டும் மாற்றிவிடலாம். இதைத் தவிர்க்கத்தான் உட்கார்ந்து தேய்ந்த நடுப்பகுதியை விட்டுவிட்டு, முந்தானைப் பக்கமும் உள்சுற்றும் மட்டும் எடுத்தேன். வெட்டும் முன் ஒவ்வொரு துணியையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நூல் விலகித் தெரிந்த இடத்தை எல்லாம் ஒதுக்கிவிட்டேன்.

போன வாரம் வந்த சம்பந்தியம்மா பட்டை விரிப்புகளைப் பார்த்துவிட்டுத் தன் சேலை எது என்று தேடித் தடவினார். பிள்ளைகள் தவழும்போது அவர்கள் வீட்டுக்கு இரண்டு பெரிய கட்டம் வேண்டும் என்று கேட்டார். அவர்கள் ஊரில் தண்ணீர் இனிப்பு, வெயிலும் நன்றாக அடிக்கும், அங்கே அது சரியாக வரும். 72 சதுரமும் வெட்டி ஓலைப் பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறேன். தை பிறந்து வாடை அடங்கியதும் மெஷினில் ஏற்ற வேண்டும்.