6 வருஷம், 21,000 கிலோமீட்டர்: ஏரிக்கரை வழியே ஒரு சைக்கிள்

2019 பிப்ரவரியில் வாங்கிய ஹைப்ரிட் சைக்கிள் இது. விலை 17,500 ரூபாய். முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு, அலுமினியச் சட்டம், 35 மில்லிமீட்டர் டயர், சஸ்பென்ஷன் கிடையாது. மீட்டர் 21,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. ஆபீசுக்கு ஓட்டியது ரொம்பக் குறைவு. பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை இருட்டோடு பெங்களூர் அல்சூரிலிருந்து கிளம்பி, கார் லாரி தொல்லை இல்லாத பாதையில் ஏதாவது ஒரு பழைய கோயிலையோ கோட்டையையோ நடுகல்லையோ பார்த்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பியதுதான். கம்பெனிப் பெயரைச் சொல்லப் போவதில்லை. அந்த மாடல் இப்போது விற்பனையிலும் இல்லை.

முதல் வருஷம் முழுக்கத் தப்பான ரோட்டில் ஓட்டினேன். பெங்களூரில் கியர் சைக்கிள் வாங்குகிற எல்லோரையும் போல எனக்கும் நந்தி மலைதான் லட்சியம். பெல்லாரி ரோடு வழியாகப் போவேன். விமான நிலையத்துக்குப் பறக்கிற டாக்சிகள் முழங்கையை உரசிவிட்டுப் போகும். அடிவாரத்தில் பார்த்தால், சூரிய உதயத்துக்காக வந்த கார்கள் விடிவதற்கு முன்பே வரிசை கட்டி நிற்கும். வீட்டுக்கு வந்து மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். ஒரு கட்டத்தில் சைக்கிளை விற்க விளம்பரமே கொடுத்துவிட்டேன்.

தடுத்தவர் பக்கத்துத் தெரு அண்ணன். பேக்டரியில் ரிடையர் ஆனவர், இன்றைக்கும் 22 இன்ச் கறுப்பு சைக்கிள்தான் ஓட்டுகிறார். "இன்னா தம்பி, பெரிய ரோட்ல போய் கார்காரனோட மல்லுக்கட்டிக்கினு! ஹைவே ஊர வெளியவே விட்டுட்டுப் போவும். கோயிலு ஊருக்குள்ள இருக்கும். ஒரு கோயிலக் குறி வெச்சிக்கினு ஏரிக்கரையப் புடிச்சிப் போ, வண்டியே வராது" என்றார்.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது ஓட்டிப் பார்த்த பிறகுதான் புரிந்தது. இந்தப் பக்கம் வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடுகிற ஆறு கிடையாது. மழையை ஏரிகளில் பிடித்து வைத்தார்கள். ஒரு ஏரி நிரம்பினால் கலிங்கு வழியாக வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். ஊருக்கும் ஊருக்கும் பாதை அந்தக் கரைமேல்தான். கரை வளைந்து வளைந்து போகும், அகலம் போதாது, எதிரெதிரே இரண்டு லாரி ஒதுங்க முடியாது. அதனால் லாரிக்காரர்கள் வருவதில்லை. கரை முடிகிற இடத்தில் ஒரு அரச மரம், கோயில், இரண்டு மூன்று நடுகல். மேப்பைத் திறந்து நீலத் திட்டுகளை ஒன்றோடொன்று கோடு போட்டால் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்துவிடும்.

ஊருக்குள்ளேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. தொம்லூர் சொக்கப்பெருமாள் கோயிலிலும் மடிவாளா சோமேஸ்வரர் கோயிலிலும் தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு. மடிவாளாவில் 1247-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, வெங்களூரின் பெரிய ஏரிக்குக் கீழே நிலம் கொடுத்ததைச் சொல்கிறது. இன்னொன்றில் வருகிற தாமரைக்கரைதான் இன்றைய தாவரெகெரெ என்கிறார்கள். நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்புப் பக்கம் ஞாயிறு காலை 5 மணிக்கு ஓட்டிப் பாருங்கள். அந்த ஒரு மணி நேரம் மட்டும் அதுவும் கிராமத்து ரோடு மாதிரித்தான் இருக்கும்.

நான் அதிகம் ஓட்டியது, நந்தி மலை அடிவாரத்தில் இருக்கும் போக நந்தீஸ்வரர் கோயில் பாதையில். ஹென்னூர், பாகலூர், பூதிகெரெ, விஜயபுரா, பிறகு ஹைவேயைக் குறுக்கே கடந்து நந்தி கிராமம். போக வர 120 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கீழே. பாகலூர் வரை இப்போது விமான நிலையக் கார்கள் குறுக்கு வழி தேடி வந்துவிட்டன. 5 மணிக்கு முன் தாண்டிவிட வேண்டும். பூதிகெரெக்கு அப்புறம் திராட்சைப் பந்தல், மல்பெரித் தோட்டம், யூகலிப்டஸ் தோப்பு. தேவனஹள்ளி வழியாகச் சுற்றினால் கோட்டை இருக்கிறது. 1501-இல் மண் கோட்டையாகக் கட்டியதை ஹைதர் அலி காலத்தில் கல்லாக்கினார்கள். திப்பு பிறந்த இடம் என்று கோட்டைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு தூண் மண்டபம் உண்டு, அரை நிமிஷத்தில் பார்த்துவிடலாம். சீசனில் போனால் சக்கோத்தா கிடைக்கும். நம் ஊர் பம்பளிமாஸ்தான், ஆனால் தேவனஹள்ளிப் பழத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறார்கள். ஒன்று வாங்கினாலே கேரியர் நிறைந்துவிடும்.

அங்கிருந்து வடக்கே ஆவதி. பெங்களூரை நிறுவிய கெம்பேகவுடாவின் முன்னோர் காஞ்சிப் பக்கத்திலிருந்து புறப்பட்டு வந்து இந்த மலையடிவாரத்தில் தங்கினார்கள் என்று வழிவழியாக ஒரு கதை உண்டு. பிழைப்புக்குப் பெங்களூர் வந்த தமிழனுக்கு அந்தக் கதை இனிக்கத்தானே செய்யும்!

நந்தி கிராமத்தில் மூன்று சன்னிதி: அருணாசலேஸ்வரர், உமா மகேஸ்வரர், போக நந்தீஸ்வரர். மலைமேல் இருப்பவர் யோக நந்தீஸ்வரர். அருணாசலர் பிள்ளைப் பருவம், போக நந்தி இளமை, மேலே இருப்பவர் துறவு என்று வைத்திருக்கிறார்கள். கோயில் 9-ஆம் நூற்றாண்டுக்குப் போகிறது, பாணர் குலத்து ராணி ரத்னாவளியின் பெயர் அதன் செப்பேட்டில் இருக்கிறது. எனக்கு ஊர் தண்டராம்பட்டு, சாத்தனூர் அணைக்குப் பக்கம். திருவண்ணாமலைச் சாமியை இங்கே பார்த்தது ஒரு ஆச்சரியம். இன்னொன்று, எங்கள் தென்பெண்ணை இந்த நந்தி மலைப் பக்கத்தில்தான் பிறக்கிறது. பாலாறும் அர்க்காவதியும்கூட இங்கேதான். கோயிலுக்குள் இருக்கிற சிருங்கி தீர்த்தத்தையே தென்பெண்ணையின் மூலம் என்று சொல்வார்கள். போனில் படம் அனுப்பினேன். அம்மா, "இவ்ளோ சுத்தமாவா இருக்குது?" என்று மட்டும் கேட்டாள். ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதை டிவியில் பார்த்தவள் ஆயிற்றே.

மலை ஏறுவதைப் பற்றி ஒரு வார்த்தை. முன்னால் சின்னப் பல்சக்கரத்தில் 28 பல், பின்னால் பெரியதிலும் 28. உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம், கடைசி வளைவுகளில் மட்டும் நாக்குத் தள்ளும். பின்னால் 34 பல் வைத்த ப்ரீவீல் மாற்றிய பிறகு அதுவும் சுலபமாகிவிட்டது. 900 ரூபாய் ஆனது, இந்த சைக்கிளுக்கு நான் செய்த உருப்படியான செலவு அதுதான். ஆனாலும் இப்போதெல்லாம் கீழே கோயிலோடு நின்றுவிடுகிறேன். மேலே கூட்டம், கீழே கிளிச் சத்தம்.

சைக்கிள் என்னைக் கைவிட்டது ஒரே ஒரு முறை. அதற்கும் காரணம் கொள்ளு. டிசம்பர், ஜனவரியில் இங்கே அறுத்த ராகியையும் கொள்ளுச் செடியையும் ரோட்டிலேயே பரப்பிவிடுவார்கள். வண்டிகள் ஏறி மிதித்துக் கதிரடித்துக் கொடுக்கும். ராகித் தாள்மேல் ஓட்டினால் மெத்தைமேல் போகிற மாதிரி இருக்கும். கொள்ளு அப்படி இல்லை, கொடி. விஜயபுரா தாண்டி ஒரு ஏரிக்கரை முடிவில் அதன்மேல் ஏறினேன். கொடி பின்சக்கரத்தில் சுற்றி, கியர் மாற்றுகிற டெரெய்லரை இழுத்து, அதைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ஹேங்கரைப் பட்டென்று ஒடித்துவிட்டது. களத்தில் இருந்த பாட்டி "ஏமயிந்தி நாயனா?" என்று ஓடி வந்தாள். அந்தப் பக்கம் பாதிப் பேச்சு தெலுங்கு. அவள் பேரன் செயினின் பின்னை ஆணியாலும் கல்லாலும் தட்டி எடுத்தான். நாலைந்து கண்ணியைக் குறைத்து ஒரே கியரில் பூட்டிக்கொண்டு நாற்பது சொச்சம் கிலோமீட்டர் வந்து சேர்ந்தேன். பாட்டி ராகிக் களியும் அவரைக்காய்ச் சாறும் போட்டுத்தான் அனுப்பினாள்.

அதற்குப் பிறகுதான் நிஜமான வேதனை. வாங்கிய கடையில் அந்த ஹேங்கர் இல்லை. "புது சைக்கிளே எடுத்துடுங்க சார்" என்றார்கள், 300 ரூபாய்ச் சாமானுக்காக! மூன்று வாரம் அலைந்து, ஏறக்குறைய ஒத்துவருகிற ஒன்றை ஆன்லைனில் பிடித்து, லேத் பட்டறையில் அராவிப் பொருத்தினேன். நீங்கள் எந்த சைக்கிள் வாங்கினாலும் முதல் நாளே இரண்டு ஹேங்கர் வாங்கிப் பைக்குள் போட்டுவிடுங்கள். செயின் கழற்றும் கருவியும் கூடவே இருக்கட்டும்.

மற்றபடி ஆறு வருஷத்தில் செயின் ஆறு, டயர் மூன்று ஜோடி, பின் அச்சு ஒரு தடவை வளைந்தது. பிரேக் கட்டைகளுக்குக் கணக்கு வைக்கவில்லை. பஞ்சர் எல்லாம் முள்தான். டியூபில் பைக் வால்வு மாதிரியான தடித்த வால்வு இருப்பது பெரிய வசதி, எந்தக் கிராமத்துக் கடையிலும் காற்றடித்துக் கொள்ளலாம். ஒல்லியான பிரெஸ்டா வால்வோடு வந்த நண்பன் ஒருவன் மாலூரில் காற்றடிக்க முடியாமல் டெம்போ பிடித்து ஊர் திரும்பினான். சைக்கிளோடு கூடவே வந்த சீட் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை.

வருஷத்துக்கு ஒரு தடவை கோலார், இரண்டு நாள். ஹொஸ்கோட்டையில் காலை 4 மணிக்கு மொத்தப் பெங்களூரும் பிரியாணிக்கு வரிசையில் நிற்கும், அந்தக் கார்க் கூட்டத்தை மட்டும் சமாளித்துவிட்டால் போதும். மாலூர், டேக்கல் வழியாகப் போனால் பாறைக் குன்றுகளுக்கு நடுவே ரோடு நம்முடையது. கோலாரம்மா கோயில் சுவரெங்கும் தமிழ் எழுத்து. ராஜேந்திர சோழன் காலத்தில் கோலாருக்குக் குவளாலம் என்று பெயர், இந்த வட்டாரம் நிகரிலிசோழ மண்டலம். எழுத்துக் கூட்டிப் படிக்கலாம் என்று ஒவ்வொரு முறையும் நிற்பேன், நாலு எழுத்து பிடிபடும், ஐந்தாவதில் தோற்றுவிடுவேன். நரசாபுரம் பக்கம் மட்டும் ஷிப்டு நேரத்தில் போய்விடாதீர்கள், கம்பெனி பஸ்கள் வரிசையாக வரும்.

பாதைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. நான் வாங்கிய வருஷம் காய்ந்து கிடந்த கோலார்ப் பக்கத்து ஏரிகளில் இப்போது கோடையிலும் தண்ணீர். பெங்களூர்க் கழிவுநீரை இரண்டாம் கட்டம் வரை சுத்திகரித்து 2018-லிருந்து குழாயில் அனுப்புகிறார்கள். நாரையும் நீர்க்காகமும் வந்துவிட்டன. மூன்றாம் கட்டச் சுத்திகரிப்பும் வேண்டும் என்று அங்குள்ளவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இன்னொரு பக்கம், ஹொஸ்கோட்டையில் தொடங்குகிற சென்னை விரைவுச் சாலை மாலூர்ப் பக்கத்து வயல்களை வெட்டிக்கொண்டு போகிறது. என் பழைய ஏரிக்கரைப் பாதை ஒன்று இப்போது சுரங்கப்பாதைக்குள் நுழைந்து வெளியே வருகிறது. ரோடு காலியாகத்தான் இருக்கிறது, ஆனால் தலைக்கு மேலே இரைச்சல்.

தை கழிந்ததும் தென்பெண்ணையை ஒட்டியே ஓசூர், கிருஷ்ணகிரி அணை வழியாகச் சாத்தனூர் வரை போவதாகத் திட்டம். அண்ணனும் வருகிறேன் என்கிறார், அதே கறுப்பு சைக்கிளில். "ஹேங்கர்னு ஏதோ ஒடஞ்சிச்சே, அது என் வண்டியில எங்க இருக்குது தம்பி?" என்று நேற்றுக் கேட்டார். அவர் வண்டியில் அது கிடையாது.