வேலூர் பாகாயம் ரீஹேப் (மறுவாழ்வு மையம்) பத்தி, 9 வருஷம் கழிச்சு எழுதுறேன்

எங்க அண்ணன் தென்னை மரத்துல இருந்து விழுந்து இடுப்புக்கு கீழ உணர்ச்சியே இல்லாம போய் 9 வருஷம் ஆச்சு. டிஸ்சார்ஜ் ஆன உடனே ரிவ்யூ போட மனசு வரல, ஏன்னா இந்த விஷயத்துல வைத்தியம் நல்லதா இல்லையான்னு வருஷங்கள் ஓடுனாதான் தெரியும்.

முதல்ல பாத்த ஆஸ்பத்திரி பேர் வேணாம். முதுகுல ஆபரேஷன் நல்லாதான் பண்ணாங்க, ஆனா ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை திருப்பி படுக்க வைக்கணும்னு ஒருத்தரும் சொல்லல, வீட்டுக்கு வரும்போது இடுப்புக்கு கீழ உள்ளங்கை அகலத்துக்கு புண்ணு. அதோடதான் சிஎம்சி ஆஸ்பத்திரியோட பாகாயம் ரீஹேப்புக்கு போனோம். 1966ல டாக்டர் மேரி வர்கீஸ் முயற்சியில வந்த இடம். 1954ல ஆக்சிடென்ட்ல அவங்களுக்கும் இதே நிலைமை, அப்புறமும் வீல்சேர்ல உக்காந்தே ஆபரேஷன் பண்ணவங்க. நர்ஸம்மா இத சொன்ன அன்னிக்குதான் அண்ணன் வயிறார சாப்பிட்டாரு.

நாங்க நடக்க வச்சிருவாங்கன்னு நம்பி போனோம். காலிப்பர் (காலுக்கு முட்டுக் குடுக்குற கம்பிப்பட்டை) மாட்டி, ரெண்டு பக்கமும் புடிச்சுக்குற பேரலல் பார் கம்பிக்கு நடுவுல நிக்க வச்சாங்கதான், ஆனா அவங்க விடாம பாடம் எடுத்தது மூத்திரத்த பத்தியும் தோல பத்தியும். 4 மணி நேரத்துக்கு ஒருதடவை தானே ட்யூப் விட்டு மூத்திரம் எடுக்கணும், எவ்ளோ தண்ணி குடிச்சோம்னு நோட்ல எழுதணும். எனக்கு அப்ப கோவமே வந்துச்சு, காலுக்கு வைத்தியம் பாக்க வந்தா இதையே பேசுறாங்களேன்னு. முன்னெல்லாம் முதுகுத்தண்டு அடிபட்டவங்க நெறய பேர் மூத்திரம் தேங்கி கிட்னி கெட்டுதான் செத்தாங்கன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. அண்ணனுக்கு இன்னி வரைக்கும் ஸ்கேன்ல கிட்னி நல்லா இருக்கு.

இப்ப மளிகைக்கடை வச்சிருக்காரு. கல்லாவுல சில்லறை எண்ணிட்டே ஒரே இடத்துல அழுந்தி புண்ணு வராம இருக்க கால் மணிக்கு ஒருதடவை ரெண்டு கையையும் ஊனி உடம்ப தூக்கி இறக்குவாரு, கடைக்கு வர்றவங்களுக்கும் அது பழகிப்போச்சு. ராத்திரி படுக்கும்போது கைக்கண்ணாடிய பின்னாடி புடிச்சு எங்கயாவது செவந்துருக்கான்னு பாப்பாரு, ஒருநாளும் விட்டதில்ல. காலிப்பர் பரண் மேல கெடக்கு, அதுல அவருக்கு வருத்தமும் இல்ல. அங்க ரீஹேப் மேளான்னு ஒண்ணு நடத்துறாங்க, பழைய பேஷண்ட்ஸ் எல்லாம் வந்து செக்கப் பண்ணிட்டு வெளையாடிட்டு போவாங்க, 20 வருஷம் முன்னாடி அடிபட்டவங்கள எல்லாம் அங்க பாத்தோம்.

போறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், கூட தங்குற ஆள யோசிச்சு அனுப்புங்க. நாங்க முதல் மாசம் சித்தப்பாவ விட்டுட்டோம், அவரு கத்துக்கிட்டத எல்லாம் அப்புறம் அண்ணி போய் முதல்ல இருந்து கத்துக்க வேண்டியதாச்சு.