வெளிவராத இதழ்களின் அட்டைகள்: பழைய சூப்பர் ஹீரோக்களை வரைந்துவரும் அனுபவம்

சில வருடங்களாக விடாமல் செய்துவரும் வேலை இது: எங்கும் வெளிவராத காமிக்ஸ் இதழ்களுக்கு அட்டைப்படம் வரைவது. உள்ளே கதை கிடையாது. முகப்பு மட்டும்தான்: தலைப்பு, விலை, மாதம், நடுவே வசமாக மாட்டிக்கொண்டு நிற்கும் ஒரு ஹீரோ. சூப்பர்மேன், பேட்மேன் போன்ற ஊரறிந்தவர்களும் வருவார்கள். ஆனால் நான் அதிகம் வரைந்தது 1940களில் கொஞ்ச காலம் ஓடிவிட்டுக் காணாமல் போனவர்களைத்தான். பிளாக் டெரர், ஃபான்டோமா, கிரீன் லாமா என்று அந்தப் பட்டியல் நீளமானது. இந்த வேலைக்கு எந்தப் பொருள் நீடித்து உழைத்தது, எந்த முறை பலன் தந்தது என்று பலரும் கேட்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அளவு. அமெரிக்க காமிக்ஸ் ஓவியர்கள் 1960களின் நடுப்பகுதிவரை சுமார் 12க்கு 18 அங்குலத்தில் வரைந்தார்கள். 1967 வாக்கில் அது 10க்கு 15 ஆகக் குறைந்தது. அச்சில் சுருங்கும்போது கோடுகள் இறுகி, கை நடுக்கமெல்லாம் மறைந்துவிடும். நமக்குத் தோதானது 10க்கு 15தான். ஏ3 தாளில் ஓரம் விட்டு அழகாக உட்காரும். ஏ4இல் வரைந்தால் பென்சிலில் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும், இங்க் போடும்போதுதான் முகத்துக்கு இடம் போதாது என்பது தெரியும். தாளில் மட்டும் சிக்கனம் வேண்டாம். சாதாரண சார்ட்டில் இங்க் கசிந்து கோட்டின் ஓரம் மயிர்விடும். வழவழப்பான, கனமான பிரிஸ்டல் போர்டு நான் எத்தனை முறை அழித்தாலும் தாங்குகிறது.

வெளிர்நீலப் பென்சிலில் வரைந்து, மேலே இங்க் போடுகிறேன். பழைய அச்சகக் கேமரா ஃபிலிமில் அந்த நீலம் பதியாது என்பதால் ஓவியர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். இன்று ஸ்கேன் செய்த பிறகு அந்த நிறத்தை மட்டும் கணினியில் நீக்கிவிடலாம், ரப்பர் போட்டுத் தேய்க்கும் வேலை மிச்சம். நிப்பும் பிரஷும் இரண்டுமே வேண்டும். கட்டடம், இயந்திரம், ஆயுதத்துக்கு நிப். தசை, துணி மடிப்பு, கூந்தலுக்கு பிரஷ். சேபிள் முடியில் செய்த 3ஆம் நம்பர் பிரஷ் விலை அதிகம்தான். ஆனால் இங்க் உலோகக் கழுத்துவரை ஏறாமல் பார்த்துக்கொண்டு, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, முனையைக் கூராக்கி வைத்தால் வருடக்கணக்கில் வரும். என்னிடம் முதலில் வாங்கியதே இன்னும் ஓடுகிறது. செயற்கை முடி பிரஷ்களின் முனை சீக்கிரமே கொக்கிபோல வளைந்துவிட்டது.

ஆரம்பத்தில் வண்ணத்துக்கு ஆல்கஹால் மார்க்கர்களை நம்பினேன். கையில் எடுத்ததும் மகிழ்ச்சி தரும் சாமான் அது. ஆனால் வெயில் படும் சுவரில் மாட்டியிருந்த அட்டையில் சிவப்பு வெளுத்துப் போனது. இப்போது தாளில் கறுப்பு மட்டும், வண்ணம் எல்லாம் கணினியில். கிரிட்டா என்ற இலவச மென்பொருள் இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். 600 டிபிஐயில் ஸ்கேன் செய்த கோட்டை மல்டிப்ளை லேயராக (வெள்ளைப் பகுதியின் ஊடே கீழுள்ள நிறம் தெரியும் அடுக்காக) மேலே வைத்துவிட்டு, கீழே நிறம் தீட்டுகிறேன்.

பழைய அட்டையின் உயிர் இருப்பது நிறத்தில்தான். அன்றைய முறையில் சியான் (வெளிர்நீலம்), மெஜந்தா (இளஞ்சிவப்பு), மஞ்சள் என்ற மூன்று மைகளும் 0, 25, 50, 100 சதவீதம் என்ற நான்கு நிலைகளில் மட்டும் வரும். எல்லாவற்றையும் கலந்தால் 64 நிறங்கள். அந்த 64ஐ ஒரு தட்டாகச் செய்துவைத்துக்கொண்டு, அதற்கு வெளியே போவதில்லை என்று முடிவெடுத்த நாளிலிருந்து என் அட்டைகளின் தோற்றமே மாறிவிட்டது. பிளாக் டெரரை எடுத்துக்கொள்ளுங்கள். உடை முழுக்கக் கறுப்பு, மார்பில் வெள்ளை மண்டையோடும் எலும்புகளும். கறுப்பைக் கறுப்பாகவே நிரப்பினால் உடல் தட்டையாகிவிடும். அந்தக் காலத்து வழி, வெளிச்சம் விழும் இடங்களை மட்டும் நீலமாக விட்டுவிடுவது. தோள், தொடை, முழங்கை என்று நீலத் தீவுகளை மட்டும் வைத்தால் கண் அதைக் கறுப்பு உடை என்றே படிக்கிறது. சாம்பல் நிறமே தேவைப்படாது.

பழைய அச்சில் தெரியும் நிறப் புள்ளிகளை இடுவதற்கு கிரிட்டாவிலேயே ஹாஃப்டோன் ஃபில்டர் இருக்கிறது. சியான் 15 டிகிரி, மெஜந்தா 75, மஞ்சள் 0 என்று கோணத்தைப் பிரித்துக் கொடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் கண்ணை உறுத்தும் அலைபோன்ற வடிவம் வந்துவிடும். பழசுபோலக் காட்டப் பழுப்பேறிய காகிதத்தின் படத்தை மேலே ஒட்டுவது எனக்கு உடன்பாடில்லை. உள்பக்கங்கள்தான் நியூஸ்பிரிண்ட், அட்டையோ பளபளப்பான தாள். கடைக்கு வந்த அன்று அது பளிச்சென்றுதான் இருந்திருக்கும், அப்படியே இருக்கட்டும்.

அட்டையின் மேல் மூன்றில் ஒரு பகுதி தலைப்புக்குச் சொந்தம். கடைத் தாங்கியில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருக்கும்போது மேல்பகுதி மட்டுமே கண்ணில் படும் என்பதால் வந்த வழக்கம் அது. விலையை வைத்தே வருடத்தைச் சொல்லிவிடலாம்: 1961வரை 10 சென்ட், அடுத்து 1969வரை 12, பிறகு 15. 1954க்குப் பிந்தைய அட்டை என்றால் காமிக்ஸ் கோட் (பதிப்பாளர்கள் தங்களுக்கே விதித்துக்கொண்ட தணிக்கை விதிகள்) முத்திரையும் வேண்டும். இந்தச் சின்னச் சின்ன விவரங்கள்தான் பொய் அட்டையை நம்ப வைக்கின்றன.

சில சமயம் அவையே கற்பனைக்கு வழியும் காட்டும். பிளாக் டெரர் 1965இல் திரும்பி வந்திருந்தால் எப்படி இருக்கும் என்று ஓர் அட்டைக்கு உட்கார்ந்தேன். 1954 காமிக்ஸ் கோட் விதிப்படி இதழின் தலைப்பில் 'ஹாரர்', 'டெரர்' என்ற சொற்கள் வரவே கூடாது. அதாவது அவருடைய பெயரையே தலைப்பில் போட முடியாது! அவர் 1941இல் அறிமுகமான 'எக்ஸைட்டிங் காமிக்ஸ்' என்ற பெயரையே தலைப்பாக்கி, அவரை வெறும் உருவமாக, மார்பின் மண்டையோடு தெரிய நிற்கவைத்தேன். இதுவரை வரைந்ததில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

அதிகம் அறியப்படாத ஹீரோக்களிடம் சுதந்திரம் அதிகம். சூப்பர்மேனை எப்படி நிறுத்தினாலும், 1938இல் பச்சைக் காரைத் தலைக்குமேல் தூக்கிய அந்த அட்டை வாசகர் மனதில் குறுக்கே வந்து நிற்கும். ஃபான்டோமாவுக்கு அந்தச் சுமை இல்லை. ஃபிளெச்சர் ஹாங்க்ஸ் 1940இல் உருவாக்கிய காட்டு நாயகி அவள். சக்தி வெளிப்படும்போது முகம் மண்டையோடாகும், பொன்னிறக் கூந்தல் மட்டும் அப்படியே இருக்கும். அந்த ஒரு முரண்பாடே ஓர் அட்டைக்குப் போதும்.

குழப்பம் வரும்போதெல்லாம் அந்தக் காலத்து ஓவியர்கள் இரண்டு பேரைப் பார்க்கிறேன். அலெக்ஸ் ஷோம்பர்க் அட்டை முழுக்கச் சண்டை, இயந்திரம், எதிரிகள், வெடிப்பு என்று இண்டு இடுக்கு விடாமல் நிரப்புவார். கிரீன் லாமாவை வரைந்த மாக் ரபாய் ஒற்றை உருவத்தை நிறுத்திவிட்டு மற்றதை விட்டுவிடுவார். பெயர் தெரியாத ஹீரோவுக்கு ரபாய் வழிதான் நல்லது என்பது என் கருத்து. முதலில் ஆளைப் பார்க்கவிட வேண்டும். அட்டை ஒரு கேள்வியையும் கேட்க வேண்டும். டிசி காமிக்ஸ் பதிப்பகத்தின் ஆசிரியர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் முதலில் அட்டைக்கு யோசனை பிடித்து, பிறகு அதற்கேற்பக் கதை எழுதவைப்பது வழக்கம். 1961இல் வந்த, அதிவேகமாக ஓடும் ஹீரோவான ஃபிளாஷின் 123ஆம் இதழில், இரும்பு உத்தரம் தலைமேல் விழப்போகும் ஒருவரை நோக்கி, சுவரின் இரு பக்கமும் இரண்டு ஃபிளாஷ்கள் ஓடிவருவார்கள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. கார்மைன் இன்ஃபான்டினோவின் அந்த அட்டையைப் பார்த்தபின் உள்ளே புரட்டாமல் யாரால் கீழே வைக்க முடியும்?

நம் வாசகர்களுக்குச் சொல்லவே வேண்டாத ஒருவர் இரும்புக்கை மாயாவி. 1962இல் பிரிட்டனின் வேலியன்ட் வார இதழில் தொடங்கி, ஹெசூஸ் பிளாஸ்கோவின் தூரிகையில் வளர்ந்து, 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக இங்கே வந்தார். மின்சாரம் பாய்ந்தால் கையைத் தவிர மற்றதெல்லாம் மறைந்துவிடும் ஆளை அட்டையில் எப்படி வரைவது? மழைத்துளிகளை வைத்து உடலைக் காட்டிப் பார்த்தேன், புள்ளிக்கோட்டிலும் பார்த்தேன். கடைசியில் கையை மட்டும் கதவுப் பிடியில் வைத்து, அறையில் உள்ள எல்லோரையும் அதையே பார்க்கவிட்டேன். அத்தனை பார்வைகளும் சேரும் இடத்தில் அவர் இருக்கிறார்.

அதற்குத் தலைப்பு எழுதியதுதான் பெரிய வேலை. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் ஒரே உயரத்தில் நிற்கும். தமிழில் 'ரு'வின் வால் கீழே போகும், 'வி'யின் கொம்பு மேலே வளையும். முப்பரிமாணக் கட்டையாக நீட்டினால் அவை பக்கத்து எழுத்தில் இடிக்கும். நிழலை ஒரே பக்கமாகச் சாய்த்து, கொம்பையும் வாலையும் மட்டும் மெலிதாக்கினால் சரியாகிறது. அடுத்து ஸ்பைடரை எடுத்திருக்கிறேன். லயன் காமிக்ஸில் நாம் படித்த அந்தக் குற்றச் சக்கரவர்த்தியின் கதைகளில் பலவற்றை எழுதியவர், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல்தான்.

பிரிண்ட் போட்டு விற்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் 1964க்கு முன் வெளியானவற்றுக்கு 28ஆம் வருடத்தில் காப்புரிமையைப் புதுப்பித்திருக்க வேண்டும். பல சிறிய பதிப்பகங்கள் அதற்குள் மூடப்பட்டதால் அவர்களின் ஹீரோக்கள் பலர் யாரும் பயன்படுத்தக்கூடிய பொதுச்சொத்து ஆகிவிட்டார்கள். சூப்பர்மேனின் முதல் கதை அங்கே 2034இல்தான் அந்த நிலைக்கு வரும். அப்படியும் பெயர் வேறொருவரின் வணிகச் சின்னமாக இருக்கலாம். 1940இன் டேர்டெவில் வேறு, மார்வெலின் டேர்டெவில் வேறு. விசாரிக்காமல் விற்க வேண்டாம்.

புதிதாகத் தொடங்குபவர்கள் ஏ3 பிரிஸ்டல், ஒரு நீலப் பென்சில், ஒரு நிப், ஒரு பாட்டில் வாட்டர்ப்ரூஃப் இங்க் வாங்கினால் போதும். சேபிள் பிரஷ்ஷை கை பழகிய பிறகு வாங்கலாம். ஏ3 ஸ்கேனர் தேவையே இல்லை. ஏ4 ஸ்கேனரில் இரண்டு பாதியாக எடுத்து, கொஞ்சம் மேலேறும்படி வைத்து ஒட்டிக்கொள்ளலாம்.