ஆல்-இன்-ஒன்னா, டவரா? ஐந்தாம் வருடத்திலிருந்து ஒரு கணக்கு

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கப் போய், திரைக்குள்ளேயே எல்லாம் அடங்கிய ஆல்-இன்-ஒன்னையும் தனிப் பெட்டியாக வரும் டவரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆல்-இன்-ஒன்தான் ஜெயிக்கும். ஒரே ஒயர், மெல்லிய திரை, உள்ளேயே கேமரா, மைக், ஸ்பீக்கர், வைஃபை. டவர் என்றால் கேபினெட், மானிட்டர், இரண்டு பவர் கார்டு, தனியாக ஒரு வெப்கேம். பாகங்களையெல்லாம் இணைக்கும் பலகையான மதர்போர்டு விலை குறைந்ததென்றால் பலவற்றில் வைஃபை கிடையாது, அதற்கொரு யுஎஸ்பி டாங்கிள். பிள்ளைகள் படிப்பு, கரண்ட் பில், வெளியூர் உறவுகளோடு வீடியோ பேச்சு என்ற அளவில் முதல் இரண்டு வருடம் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஏதோ ஒரு பாகம் போகும் நாளில்தான் வழி பிரிகிறது.

ஆல்-இன்-ஒன் என்பது பெரும்பாலும் பேட்டரி இல்லாமல் நிமிர்த்தி வைத்த லேப்டாப். ப்ராசஸர் பெயரின் கடைசியில் ‘யு’ என்று இருந்தால் அது 15 வாட் வகை லேப்டாப் சிப். வீட்டு வேலைக்குப் போதும்தான். ஆனால் மெல்லிய உடம்புக்குள் சூடு வெளியேற இடம் குறைவு என்பதால், ஒரு மணி நேர வீடியோவை எடிட் செய்யச் சொன்னால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ராமும் (வேலை நடக்கும்போது பயன்படும் தற்காலிக நினைவகம்) லேப்டாப் ராம்தான். டிடிஆர்4 என்ற ராம் தலைமுறையில் அதற்கு 260 பின், டவர் ராமுக்கு 288 பின். ஒன்று மற்றதில் உட்காராது. மதர்போர்டு அந்த ஒரு மாடலுக்கென்றே வெட்டிய வடிவம். அது போனால் அந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டரைத்தான் நம்ப வேண்டும். மாடல் பழசாகிவிட்டால் அங்கேயும் கையை விரித்துவிடுவார்கள்.

டவரில் பழுது பார்ப்பதே வேறு மாதிரி. சுவிட்ச் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, பீப் பீப் என்கிறது, டிஸ்ப்ளே வரவில்லை என்றால் முதல் சந்தேகம் ராம் மேல். பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு, ராமைக் கழற்றி, தங்க நிறப் பட்டைகளைப் பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, ‘டக்’ என்ற சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். காற்று ஈரமான கடலோர ஊர்களில் இது அடிக்கடி வரும். எந்த அசைவும் இல்லை என்றால், பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் டப்பாவான எஸ்எம்பிஎஸ் மேல் சந்தேகம். மதர்போர்டிலிருந்து எல்லா இணைப்பையும் எடுத்துவிட்டு, 24 பின் கனெக்டரில் பச்சை ஒயரையும் ஒரு கறுப்பு ஒயரையும் சிறு கம்பியால் இணைத்து, அதற்குப் பிறகு மெயின் சுவிட்சைப் போட வேண்டும். ஃபேன் சுற்றாவிட்டால் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். சுற்றினாலே நல்லது என்று அர்த்தமில்லை, லோடு ஏறும்போது படுத்துவிடும் எஸ்எம்பிஎஸ்ஸும் உண்டு. மாற்ற அரை மணி நேரம். டப்பாவை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள்: உள்ளே இருக்கும் பெரிய கப்பாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஷாக் அடிக்கும்.

இந்த வசதி, பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த அசெம்பிள்டு டவருக்குத்தான் முழுசாகக் கிடைக்கும். பிராண்டு டவர்கள் பலவற்றில் எஸ்எம்பிஎஸ் கனெக்டரும் மதர்போர்டு வடிவமும் அவர்களுக்கே உரியவை, கடைச் சரக்கு பொருந்தாது. வாங்கும் முன் பக்கவாட்டுக் கதவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மதர்போர்டுக்குப் போகும் பெரிய கனெக்டர் 24 பின் இல்லையென்றால், அதுவும் பாதி ஆல்-இன்-ஒன்தான். சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊரிலோ அசெம்பிள் செய்தால் பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரையும் எழுதி வாங்குங்கள். வாரன்டி பாகத்துக்குப் பாகம் தனி. பெட்டியோடு வரும் இன்டெல், ஏஎம்டி ப்ராசஸர்களுக்கு மூன்று வருடம்.

ஆல்-இன்-ஒன்னில் வீட்டிலேயே பார்க்கக்கூடிய பழுதும் சில உண்டு. ஆன் ஆகவில்லை என்றால் முதலில் அடாப்டர். வோல்ட்டும் (பெரும்பாலும் 19 அல்லது 19.5) பின் அளவும் சரியாகப் பொருந்த வேண்டும், வாட் பழையதற்குக் குறையக் கூடாது. 120 வாட் கேட்கும் மெஷினுக்கு 65 வாட் மாட்டினால் ஆன் ஆகி அணையும், அல்லது ஆமையாக நகரும். ஆன் ஆகிறது, படம் இல்லை என்றால் அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சைத் திரையில் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாக ஐகான்கள் தெரிந்தால் போனது திரைக்குப் பின்னாலிருந்து ஒளி தரும் பேக்லைட் மட்டும். அப்போது படத்தை வெளியே அனுப்பும் எச்டிஎம்ஐ அவுட் துளை இருந்தால் டிவியில் மாட்டி வேலையைத் தொடரலாம். ‘இன்’ மட்டும் இருக்கும் மாடலில் இது நடக்காது. கடையில் யாரும் பார்க்காத, பின்னால் அச்சடித்திருக்கும் அந்த இரண்டெழுத்துக்கு அப்போதுதான் மதிப்பு தெரியும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் ப்ராசஸர் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். ஏழாம் தலைமுறை டவர் வைத்திருப்பவர் ப்ராசஸரை மட்டும் மாற்றித் தப்ப முடியாது: ப்ராசஸர் உட்காரும் சாக்கெட்டின் பெயர் 1151 என்று ஒன்றாக இருந்தாலும், எட்டாம் தலைமுறைக்கு 300 வரிசை சிப்செட் போர்டு வேண்டும். ஆக போர்டும் ப்ராசஸரும் மாற்ற வேண்டும், புதிய போர்டு டிடிஆர்5 என்றால் ராமும். விண்டோஸ் மெஷினோடு வந்ததென்றால் அந்த லைசென்ஸ் பழைய போர்டோடு போய்விடும். ஆனாலும் கேபினெட், எஸ்எம்பிஎஸ், ஃபைல்கள் இருக்கும் எஸ்எஸ்டி, மானிட்டர், கீபோர்டு எல்லாம் மிச்சம். அதே வயது ஆல்-இன்-ஒன்னில் பளபளவென்று இருக்கும் திரையும் ப்ராசஸரோடு சேர்ந்து மூலைக்குப் போகிறது. ஒரு மானிட்டர் இரண்டு மூன்று ப்ராசஸர்களின் ஆயுளைத் தாங்கும். அதைக் கட்டிப்போட்டு விற்பதுதான் ஆல்-இன்-ஒன்னின் பெரிய குறை என்பது என் தீர்ப்பு. 24 இன்ச் ஐமேக்கில் இன்னும் கறார்: ராமைப் பிறகு கூட்டவே முடியாது, முதல் நாளே தேவையான அளவு வாங்கியாக வேண்டும்.

கரண்ட் விஷயத்தில் ஆல்-இன்-ஒன்னுக்கு நியாயமான வெற்றி. டவரும் 22 இன்ச் மானிட்டரும் சாதாரண வேலையில் சுமார் 70, 80 வாட் இழுக்கும், ஆல்-இன்-ஒன் அதில் பாதி. 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி ஒன்று உள்ள 600 விஏ யுபிஎஸ் டவரைக் கால் மணி நேரம் தாங்கினால் ஆல்-இன்-ஒன்னை அரை மணி நேரத்துக்கு மேல் தாங்கும். பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் போய்விடும். கரண்ட் நின்றதும் யுபிஎஸ்ஸும் சேர்ந்து அணைந்தால் பேட்டரியை மாற்றும் நேரம் வந்துவிட்டது. இன்வெர்ட்டரை நம்புவதாக இருந்தால் அதன் பின்னால் உள்ள சுவிட்சை யுபிஎஸ் மோடில் வையுங்கள். சாதாரண மோடில் மாறும் இடைவெளி அதிகம், டவர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். லோ வோல்டேஜ் உள்ள தெருவில் இதற்கும் ஒரு விலை உண்டு: யுபிஎஸ் மோடு குறைந்த வோல்டேஜை ஏற்காமல் அடிக்கடி பேட்டரிக்குத் தாவும்.

கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுப்பது எர்த் இல்லாத வீடுகளில் வரும் புகார். எஸ்எம்பிஎஸ் ஃபில்டரிலிருந்து கசியும் சிறு மின்சாரம் எர்த் வழியாகப் போக வேண்டியது, வழியில்லாமல் தகரத்திலேயே நிற்கிறது. மூன்று பின் பிளக்கை இரண்டு பின் எக்ஸ்டென்ஷனில் மாட்டினாலும் இதே கதி. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபாருங்கள், செருப்புப் போட்டுக்கொண்டு உட்காருவது தீர்வல்ல.

டவரைத் தரையில் வைக்காதீர்கள். வீடு துடைக்கும் தண்ணீர் ஒரு பக்கம், தூசி இன்னொரு பக்கம். அரை அடி உயர ஸ்டாண்டு போதும். பின்பக்கம் காலியாக உள்ள ஸ்லாட்டுகளின் தகர மூடிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள், இல்லையென்றால் பல்லி குடியேறும். மதர்போர்டு மேல் பல்லி விழுந்து ஷார்ட் ஆவது கட்டுக்கதை அல்ல. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் போகும்.

இத்தனைக்கும் பிறகு ஆல்-இன்-ஒன் வேண்டவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பெற்றோர் மட்டும் இருக்கும் வீடு, வீடியோ பேச்சுதான் முக்கிய வேலை, பக்கத்தில் ஒயர் மாட்டித்தர ஆளில்லை என்றால் அதுவே சரி. பைஃபோகல் கண்ணாடி (கீழ்ப்பாதியில் வாசிக்கும் பவர் உள்ளது) போடுபவருக்குத் திரை தாழ்வாக இருப்பதும் நல்லது. அதே உயரம் வளரும் பிள்ளைகளுக்குக் கூன் போடவைக்கும், பல மாடல்களில் ஸ்டாண்டு சாயுமே தவிர உயராது. வாங்கும்போது ராம் ஸ்லாட் இரண்டு உண்டா, எஸ்எஸ்டி கழற்றக்கூடியதா, எச்டிஎம்ஐ அவுட் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் தடுமாறினால் மாடல் எண்ணை வைத்து சர்வீஸ் மேனுவலைத் தேடலாம். ஹார்ட் டிஸ்க் மட்டும் உள்ள பழைய சரக்கைத் தள்ளுபடியில் கொடுத்தால் தொடாதீர்கள்.

இன்னொன்று, முதல் நாளே செய்ய வேண்டியது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து தொடங்கும் விண்டோஸ் 11 மெஷின்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டுவிடுகிறது. போர்டு போய், எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டினால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது அந்தக் கணக்கில் இருக்கும், கணக்கோ கடைப் பையன் செட்டப் செய்தபோது போட்ட ஏதோ ஒரு ஈமெயிலில் இருக்கும். சொந்த ஈமெயிலில் தொடங்கி, அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதி பில்லோடு சேர்த்து வையுங்கள்.